ஒன்று முதல் முப்பத்து நான்கு வரை

நம் வயதுக்காரர்கள் கடையில் புளி வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்போம். கட்டை விரலால் அழுத்துவோம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்ப்போம். என் மகள் சிரிக்கிறாள். "தேதி மட்டும் பாரும்மா, போதும்" என்கிறாள். தேதி பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. முப்பத்தாறு வருடங்களாக நாள் தவறாமல் டைரி எழுதுகிறவள் நான். ஆனாலும் புளி என்றால் என் கை முதலில் சதையைத்தான் தேடுகிறது.

அந்த டைரிகளில் முதலாவது, டைரியே அல்ல. நாற்பது பக்க நோட்டு. பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்திருக்கும். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டின் மேல் புளிக்கறை ஒன்று பழுப்பாகப் படிந்திருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்தின் மாசியும் பங்குனியும் அதற்குள் இருக்கின்றன. இங்கே நான் சொல்வதில் எது நோட்டில் இருக்கிறது, எது என் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது என்பதை முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, மேற்கே மலையைப் பார்த்து ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். அந்த ஒன்றரை மைல் சாலையிலும், ஊருக்கு அப்பால் ஏரிக்கரையிலும் ஊராட்சிக்குச் சொந்தமான புளிய மரங்கள். சாலையில் முப்பத்து நான்கு, கரையில் இருபத்தெட்டு. ஒவ்வொன்றின் அடிமரத்திலும் பட்டையைச் சீவி, வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் தாரால் எண் எழுதியிருப்பார்கள். வருடா வருடம் காய்ப்பு ஏலம் போகும். வருடா வருடம் ஒரே குத்தகைக்காரர்தான் எடுப்பார். ஆண்கள் மரத்தில் ஏறி உலுக்குவார்கள். பெண்கள் கீழே பொறுக்குவார்கள். பிறகு அவருடைய கொட்டகையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். அப்பா, ஏறுகிறவர்களில் மூத்தவர். அம்மா, கொட்டை எடுக்கிறவள்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் கொட்டகைக்குப் போவேன். வெளியிலேயே அந்த வாசனை வந்து பல்லைக் கூசச் செய்யும். உள்ளே பதினோரு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சின்ன இரும்புத் தடியால் தட்டிக்கொண்டிருப்பார்கள். தட்டுகிற சத்தம் ஒன்றோடொன்று சேராது; தகரக் கூரைமேல் பெரிய தூறல் விழுகிற மாதிரி இருக்கும். அம்மாவின் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வெடிப்பில் புளி இறங்கி, இரவில் ரசம் சோறு பிசையும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

சுத்தம் செய்த புளியின் எடைக்குத்தான் கூலி. அதனால் எந்த மூட்டை யாருக்கு என்பதில் தினமும் சண்டை. மூட்டையைப் பிரித்து ஒரு பழத்தை உடைத்தால் போதும், எந்த மரத்துப் பழம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

"ஏ, இது கூனி பழம். இங்க தள்ளு" என்பாள் எங்கள் எதிர்வீட்டு அத்தை.

"நேத்தும் நீதான கூனிய எடுத்த? இன்னிக்குக் கரைக்காரிய எடுத்துக்கினு போ."

"கரைக்காரிய நீயே வெச்சிக்கோ. உன்ன மாதிரிதான், வெளிய வாட்டசாட்டமா இருப்பா, உள்ள ஒண்ணும் இருக்காது."

கரைக்காரி என்றால் ஏரிக்கரை மரங்கள். தண்ணீரில் கால் வைத்து நிற்கிற மரங்கள், பழம் சாண் நீளம் தொங்கும். பார்க்கிறவர்கள் அண்ணாந்து நிற்பார்கள். உடைத்தால் நாரும் கொட்டையும்தான். இருக்கிற சதையும் ஒரு மாதத்தில் கருத்துவிடும். சாலை மரங்கள் கல் பூமியில் நிற்கிறவை. பழம் குட்டையாக, கோணலாக, ஆட்டுக் கொம்பு மாதிரி இருக்கும். உள்ளே சிவப்புச் சதை, விரல் தடிமன். குத்தகைக்காரர் இரண்டையும் கலந்து விற்றார். மரத்தில் ஏறாதவர், பழத்தை உடைக்காதவர். தொங்குகிற பழத்தைப் பார்த்து எத்தனை மூட்டை என்று சொல்வதில் அவர் கெட்டிக்காரர். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது அந்தப் பதினோரு பெண்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் மாசி பிறந்ததும் ஊரில் தமுக்கு அடித்தார்கள். சாலை மரங்கள் ஒன்று முதல் முப்பத்து நான்கு வரை ஒரு ஏலம், கரை மரங்கள் முப்பத்தைந்து முதல் அறுபத்திரண்டு வரை தனி ஏலம். முதல் தடவையாகப் பிரித்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னை நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. மெயின் ரோட்டு முனையிலிருந்து மரம் மரமாக நடந்தோம்.

"இதுல இன்னா நம்பரு போட்டுக்கீது?"

"ஒண்ணு."

"எழுதிக்கோ. கல்லுக்காரி. அடுத்தது?"

"ரெண்டு."

"ரெட்டைச் சுழி. அடில பாரு, ரெண்டு சுழி இருக்குது."

பதினேழாம் மரத்தடியில் கொஞ்சம் நின்றாள். சாலைமேல் வளைந்து, முதுகைக் குனிந்து நிற்கிற மரம். "இவதான் கூனி" என்று அதன் பட்டையைத் தட்டினாள். அதே மாதிரிதான் வீட்டில் எருமையையும் தட்டுவாள்.

அம்மாவுக்கு எண் தெரியாது, பெயர் தெரியும். ஊராட்சிக்குப் பெயர் தெரியாது, எண் தெரியும். இரண்டையும் முதன்முதலில் ஒரே வரியில் எழுதியவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எந்த வெட்கமும் இல்லை. மூன்று மரங்களுக்குப் பெயர் இல்லை. அவற்றுக்கு எதிரே கோடு போட்டிருக்கிறேன். நோட்டின் முதல் இரண்டு பக்கங்கள் இவை.

ஏலம் ஊராட்சி அலுவலகத்து வேப்ப மரத்தடியில் நடந்தது. ஆண்கள் முன்னால் நின்றார்கள். பதினோரு பெண்களும் பின்னால் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். ஆட்டையோ தோட்டையோ விற்று முன்பணத்துக்கு வழி செய்துகொண்டு வந்திருந்தார்கள் என்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. வேடிக்கை பார்க்க வந்ததாக நினைத்தார்கள். கரை மரங்கள் முதலில் போயின. வெளியூர்க்காரர் ஒருவர் விடாமல் கேட்க, குத்தகைக்காரர் வியர்த்து விறுவிறுத்து எடுத்தார். அடுத்து சாலை மரங்கள். அவர் வழக்கமான அடிவிலையைச் சொன்னார். பின்னாலிருந்து அம்மா அதற்கு மேல் கேட்டாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. எழுத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வூட்டுக்காரரு எங்கம்மா?"

"வூட்ல இருக்காருங்க. ஏலம் நான் கேக்கறேன்."

குத்தகைக்காரர் சிரித்தார். "வுடுங்க சார், ரோட்டு மரந்தான? அந்தக் கோணக்காய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறாங்க? ஆசைப்படறாங்க, எடுத்துக்கட்டும்."

கூட்டமும் சிரித்தது. மரத்தை அண்ணாந்து பார்க்கக்கூடத் தெரியாமல் மொட்டைக் காய்ப்பைப் போய் எடுத்தார்கள் என்று அன்று சாயங்காலமே டீக்கடையில் பேச்சு. எழுத்தர் அம்மாவின் பெயரை எழுதி, பக்கத்திலேயே அப்பாவின் பெயரையும் எழுதினார். நிபந்தனையைப் படித்துக் காட்டினார்: முப்பது நாளுக்குள் காய்ப்பை இறக்கி முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் முன்பணம் போகும், அடுத்த ஏலத்தில் கலந்துகொள்ள முடியாது.

திரும்பி வரும் வழியில் எதிர்வீட்டு அத்தை சொன்னாள்: "சிரிக்கட்டும். கரைக்காரிய உடைச்சிப் பாக்கற அன்னிக்கு நாம சிரிக்கலாம்."

பதினோரு பேரும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். எந்த மரத்துப் பழத்தை எந்த மரத்துப் பழத்தோடு சேர்க்கக் கூடாது, யார் வீட்டு வாசலில் காய வைப்பது, சாக்குக்கு எங்கே சொல்வது, எல்லாம். யோசிக்காதது ஒன்றுதான். மரம் ஏறுவது யார் என்பதை. காலம் காலமாக ஏறுகிறவர்கள் அவர்களுடைய புருஷன்மார்களும் அண்ணன் தம்பிகளும்தான். சோறு போட்டால் சாப்பிடுவார்கள் என்பதைப் போல, மரம் இருந்தால் ஏறுவார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

அன்று மாலை குத்தகைக்காரர் ஏறுகிற ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சாலை மரத்தில் ஏறுகிறவனுக்குக் கரை மரத்தில் வேலை கிடையாது. சுற்று வட்டாரத்தில் அவர் எடுத்திருக்கும் எந்த ஊரிலும் கிடையாது.

அப்பா கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நான் ஏற மாட்டேன்" என்றார்.

"கரை மரத்துக்குப் போறியா?" அம்மா கேட்டாள்.

"அதுக்கும் போவல."

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

"ஏற மாட்டேன்னா ஏற மாட்டேன். வுடு."

மூத்தவர் மறுத்த பிறகு மற்றவர்கள் தைரியமாக மறுத்தார்கள். எதிர்வீட்டு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று, அப்பாவின் காதில் விழும்படி சொன்னாள்: "மொதலாளி தும்மினா இங்க ஒருத்தருக்குக் காய்ச்சலே வந்துடுது." அப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அம்மா பதில் பேசவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

பெண்கள் மூங்கில் கழியில் துரட்டி கட்டித் தரையிலிருந்தே இழுத்துப் பார்த்தார்கள். எட்டியது அடிக்கிளைகள் மட்டும். கழுத்து பிடித்துக்கொண்டது. பழம் பாதியில் ஒடிந்து விழுந்தது. ஐந்து நாளில் மூன்று மரம் என்று எழுத வந்தேன். நோட்டைப் பார்த்துத் திருத்துகிறேன், இரண்டு மரம். அதுவும் பாதிப் பாதி. சித்திரையில் ஒரு கோடை மழை விழுந்துவிட்டால் ஓட்டுக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிடும். முப்பது நாளில் ஐந்து போய்விட்டது.

ஆறாம் நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வெள்ளிமலைக்குப் பஸ் ஏறினாள். அங்கேயிருந்து ஒரு அக்கா கடுக்காயும் சாமையும் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிச் சந்தைக்கு வருவாள். திரும்பும்போது மலை பஸ்ஸைத் தவறவிட்டு, பாதி வழி பஸ்ஸில் வந்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்து இளைப்பாறுவாள். ஒருமுறை பேச்சுவாக்கில், துவையலுக்குப் புளியங்கொழுந்து வேண்டும் என்று எழுந்து போனவள், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரத்தின் நடுவில் இருந்தாள். அம்மா அதை மறக்கவில்லை.

மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. மூன்றாவது வளைவில் நான் வாந்தி எடுத்தேன். அம்மா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பள்ளத்தைப் பார்த்தாள். உடனே முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள். உயரம் என்றால் அவளுக்கு ஆகாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மேலே காற்று குளிர்ந்திருந்தது. சாமை வைக்கோல் போர் ஒன்றின் பக்கத்தில் அந்த அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். எங்களை உட்கார வைத்து சாமைக் கஞ்சி கொடுத்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள்.

"எங்க ஆம்பளைங்க மிளகு பறிக்கப் போயிட்டாங்களே, அக்கா."

"ஆம்பளைங்களத் தேடி வர்லம்மா. உன்னத் தேடித்தான் வந்தேன்."

அவள் சிரித்தாள். "புள்ளைய மாமியார்கிட்ட வுட்டுட்டு மூணு நாள் வரலாம். அதுக்கு மேல முடியாது."

"மூணு நாள்ல அத்தன மரம் ஆவாதே."

"ஆவாது. ஆனா மூணு நாள்ல நீங்க ஏறக் கத்துக்கிடலாம்."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அந்த அக்காவும் அன்றே எங்களோடு பஸ் ஏறினாள். இறங்கும்போது நான் வாந்தி எடுக்கவில்லை.

மறுநாள் காலை கொடியில் கிடந்த அப்பாவின் காக்கி அரைக்கால் சட்டையை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, அவருடைய முழுக்கைச் சட்டையையும் மாட்டிக்கொண்டாள். அப்பா பல் துலக்கிக்கொண்டே பார்த்தார். அந்த அரைக்கால் சட்டை பிறகு அவரிடம் திரும்பிப் போகவே இல்லை. பல வருடம் வீட்டில் கிடந்தது. எப்போது தொலைந்தது என்று எந்த டைரியிலும் எழுதாமல் விட்டிருக்கிறேன். எனக்கு அது ஒரு குறை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நானும் கூட இருந்தேன். கூனியில்தான் தொடங்கினார்கள். சாய்ந்த மரம், ஏறத் தோது. வெள்ளிமலை அக்கா பாதி மரம் ஏறி, கிளையில் உட்கார்ந்துகொண்டு அம்மாவை மேலே கூப்பிட்டாள். ரொம்பத் தாழ்ந்த குரலில் பேசினாள்; மரத்தடியில் இருந்த எங்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"ரெண்டு கையாலயும் ஒரே கொம்பக் கட்டிக்கிடாதீங்க. ஒரு கை மரத்துக்கு, ஒரு கை உனக்கு. அப்படி வெச்சிக்கிடணும்."

அம்மா முதல் கவை வரை போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சின்னப் பாலத்துக் கட்டைச் சுவரில் ஏறுகிற ஆட்கள் நாலைந்து பேர் வேலைக்கு வருகிற மாதிரி வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எறங்கும்மா! புளிய மரத்துப் பேயி பயந்து ஓடிடப் போவுது!" என்றான் ஒருவன்.

எதிர்வீட்டு அத்தை கீழேயிருந்தே திரும்பினாள். "ஓடினா உன் வூட்டுக்குத்தான்டா வரும். உன் பொண்டாட்டி ரொம்ப நாளா தனியா சமாளிக்கிறா, தொணைக்கு ஆளாச்சு."

அவர்களே சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு வயிற்றால் தேய்த்துக்கொண்டே இறங்கினாள். முழங்கால் இரண்டும் உரிந்திருந்தன. தண்ணீர் குடித்தாள். மறுபடியும் ஏறினாள். அன்று முழுவதும் ஏறுவதும் இறங்குவதும்தான். ஒரு பழம் விழவில்லை. இரண்டாம் நாள் எதிர்வீட்டு அத்தையும் இன்னொருத்தியும் ஏறினார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வெள்ளிமலை அக்கா கடைசிப் பஸ்ஸில் போய்விட்டாள்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நான் சாலை வழியாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. கரும்புக் கொல்லை வரப்பில் சுற்றிக்கொண்டு போனேன், காய்ந்த சோகை இலை காலைக் கிழித்தது. உடன் படித்த ஒருத்தி, "ஆம்பள சட்ட போட்டுக்கினு மரத்து மேல இருக்கறது உங்கம்மாவா?" என்று கேட்டாள். "இல்ல, எங்க சித்தி" என்றேன். இது நோட்டில் இல்லை. எழுதக் கூசியிருப்பேன். இங்கே எழுதிவிட்டேன்.

நான்காம் நாள் கொல்லைக்குத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வேறு வழியில்லாமல் சாலையில் வந்தேன். ஐந்தாம் எண் மரத்தை நெருங்கும்போது தலைக்கு மேல் ஏதோ உறுமுவது போல இருந்தது. அம்மா உயரத்தில் ஒரு கிளையில் நின்று, மேல் கிளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலால் மிதித்து மிதித்து உலுக்கினாள். பழம் கொட்டியது. வெயில் காய்ந்த ஓடுகள் ஒன்றோடொன்று மோதி, சரசரவென்று சாலை முழுவதும் விழுந்தன. தூசியும் சருகும் கிளம்பி வெயிலில் தங்கமாக நின்றன.

"ஏய், தலைல புஸ்தகத்த வெச்சிக்கோ!" என்று மேலேயிருந்து கத்தினாள்.

பின்னால் வந்த பிள்ளைகள் எல்லாம் நின்றுவிட்டார்கள். சித்தியா என்று கேட்டவளும் அதில் இருந்தாள். நான் பைக்கட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "அம்மா! அந்தப் பக்கக் கொம்புல இன்னும் இருக்குது!" என்றேன்.

அதற்குப் பிறகு நோட்டில் தினமும் ஒரு வரி வருகிறது. மரத்தின் எண், பெயர், ஏறியவர் பெயர். பெயர் இல்லாத மூன்று மரங்களுக்கும் ஏறினவர்களே பெயர் வைத்தார்கள். பத்தொன்பதாம் எண்ணுக்கு எதிர்வீட்டு அத்தை வைத்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது குத்தகைக்காரரைப் பற்றியது.

இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது நோட்டில் இல்லாதது, இருக்கவும் முடியாதது.

நான் வேலைக்குப் போய் வெகு காலத்துக்குப் பிறகு, அப்பாவுக்கு நெஞ்சுச் சளி என்று கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் நெஞ்சை விட்டுவிட்டு இடது தோளைக் காட்டினார். "இது எப்ப உடைஞ்சது? தப்பா கூடியிருக்கே. இந்தக் கைய மேல தூக்கவே முடிஞ்சிருக்காதே" என்றார். அப்பா, "எப்பவோ" என்றார்.

நான் பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். அந்த ஏலத்துக்கு முந்தின வருடம், சீசன் முடிகிற நாளில், இருபத்திரண்டாம் மரத்திலிருந்து குதித்ததாகச் சொல்லி நொண்டிக்கொண்டு வந்தார். குதிக்கவில்லை, விழுந்திருக்கிறார். அதற்குப் பிறகு சட்டை போடும்போது இடது கையை முதலில் நுழைப்பார். உறியில் பானை வைக்க என்னைக் கூப்பிடுவார். இரவில் அவர் பாயிலிருந்து தைலம் வாசனை வரும். எல்லாவற்றையும் பார்த்தவள்தான் நான். பார்த்து, சோம்பேறி என்று நினைத்தவள். ஊர் அவரை முதலாளிக்குப் பயந்தவர் என்றது. ஏற முடியாது என்று சொல்வதைவிட ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "பக்கத்துல படுத்துக்கினு இருக்கறவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் எல்லாரும் அவரத் திட்டும்போது வாய மூடிக்கினு இருந்த?"

"அவரு அது ஒண்ணுதான் கேட்டாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு. சொல்லல. ஆனா வூட்ல ஒரு ஆளு ஏறித்தான ஆவணும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏலத்தில் பின்வரிசையிலிருந்து குரல் கொடுக்கும்போதே, அந்த வீட்டில் இனி அப்பாவின் கூலி வராது என்பது அவளுக்குத் தெரியும். அன்று 'கரை மரத்துக்குப் போறியா' என்று கேட்டதுகூட என் காதுக்காகத்தான். மற்ற பத்துப் பேருக்குத் தோற்றால் ஒரு ஆடு போகும். அவளுக்கு எங்கள் மூவரின் சோறு. எங்கள் வீட்டில் யார் எதற்குப் பயந்தார்கள், யார் எதை மறைத்தார்கள் என்பதை நான் தப்புத் தப்பாகவே எழுதி வைத்திருக்கிறேன். பயந்தாங்கொள்ளி என்ற வரியை அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் அன்றைய தேதி போட்டுத் திருத்தம் எழுதினேன்.

முடிவை மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். சாலை மரத்துப் புளி தனியாக, சிவப்பாக, கள்ளக்குறிச்சிக் கடைகளுக்குப் போனது. வாங்கினவர்கள் மறுபடியும் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கரைக்காரி சித்திரைக்குள் கருத்துவிட்டாள். அடுத்த வருடம் கொட்டகையில் கொட்டை எடுக்க குத்தகைக்காரருக்குப் பெண்கள் கிடைக்கவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, "கொஞ்சம் ஆளு அனுப்பி வைங்கம்மா" என்றார். அதுவரை அவர் அம்மாவுக்கு 'ங்க' போட்டு நான் கேட்டதில்லை. அந்த வருட ஏலத்தில் எழுத்தர் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்கவில்லை. ரசீதில் அம்மாவின் பெயர் தனியாக இருந்தது. அந்த ரசீது என்னிடம் இருக்கிறது. நான் படித்ததும், ஆசிரியர் வேலைக்குப் போனதும், இந்த டைரிகள் அடுக்கியிருக்கும் அலமாரியும் அந்த மரங்களிலிருந்து வந்தவைதான்.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கம்.

இருபத்தொன்பதாம் நாள். மிச்சம் ஒரே மரம், முப்பத்து நான்கு. ஊர் முனையில் இருக்கிறது, எல்லாவற்றிலும் உயரம், கிழவி என்று பெயர். மதியத்திலிருந்தே மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்தது. எதிர்வீட்டு அத்தைக்குக் கால் சுளுக்கு, இன்னொருத்திக்குக் காய்ச்சல். அம்மா மட்டும் மேலே இருந்தாள். காய வைத்ததை அள்ள மற்றவர்கள் வீடுகளுக்கு ஓடியிருந்தார்கள். கீழே நாங்கள் நாலைந்து பேர் பொறுக்கினோம், கை போதவில்லை. இங்கேயும் ஒரு சின்னப் பாலம் உண்டு, அதன் கட்டைச் சுவரில் வழக்கமான ஆட்கள். காற்று கிளம்பியது, கிழவியின் தலை ஆடியது.

ஊருக்குள்ளிருந்து அப்பா வந்தார். வலது தோளில் ஒரு காலிச் சாக்கு. யாரையும் பார்க்கவில்லை. சாக்கை உதறி மரத்தடியில் விரித்தார். குந்தி உட்கார்ந்து பழம் பொறுக்கத் தொடங்கினார். எங்கள் ஊரில் அதுவரை எந்த ஆணும் புளிய மரத்தடியில் குந்தியதில்லை. மேலே போவதுதான் ஆண் வேலை, கீழே குனிவது பெண் வேலை.

கட்டைச் சுவரிலிருந்து ஒருவன் கேட்டான்: "இன்னாண்ணே, பொம்பள வேல செஞ்சிக்கினு இருக்க?"

"பழம் கீழ கெடக்குது, பொறுக்கறேன்" என்றார் அப்பா. "உனக்குக் கை சும்மா இருந்தா நீயும் வா."

அவன் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவும் இல்லை.

மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "இந்தாய்யா! பாலத்தாண்ட கெடக்குது பாரு ஒரு கொத்து, அத வுட்டுட்டுப் போற!"

"எடுக்கறேன், எடுக்கறேன்" என்று எழுந்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். காற்றில் அம்மா நின்ற கிளை வளைந்து நிமிர்ந்தது. "நீ கீழ பாத்துப் பேசாத மே. ஒரு கை மரத்துக்கு, ஒரு கை உனக்கு. மறந்துடாத."

நான் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அந்த வார்த்தை கூனி மரத்தடியில், தாழ்ந்த குரலில், எங்களுக்கு மட்டும் சொல்லப்பட்டது. அப்பா அன்று அங்கே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கூனிக்குப் பின்னால், ஒட்டினாற்போல் ஒரு கரும்புக் கொல்லை உண்டு. அதன் வரப்பில்தான் நான் ஒளிந்து ஒளிந்து பள்ளிக்கூடம் போனேன். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அங்கே இருந்திருக்கிறோம். நான் அம்மாவைப் பார்க்காமல் இருப்பதற்கு. அவர் பார்ப்பதற்கு.

முதல் தூறல் விழும்போது கடைசி மூட்டையின் வாயைக் கட்டினோம். நோட்டில் அன்றைய வரி இப்படி இருக்கிறது. பென்சில் எழுத்து, கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனாலும் படிக்க முடிகிறது:

"34. கிழவி. முடிந்தது. ஏறியது அம்மா. பொறுக்கியது அப்பா."